திருத்தத் தெரிஞ்ச ஆக்களின் இயந்திரம்

புதுசு எண்டால் முன்னேறினது, பழசு எண்டால் பின்தங்கினது. ஒரு இயந்திரத்தைப் பற்றிக் கதைக்கேக்க எங்களில் கனபேரிட்ட இருக்கிற அளவுகோல் இதுதான். கையில இருக்கிற ஃபோனில தொடங்கி ஆஸ்பத்திரி ஸ்கானர் வரைக்கும் இதே கணக்கு. ஒரு நாடு எவ்வளவு வளர்ந்திருக்கு எண்டு பாக்கிறதுக்கும் இதையேதான் பாவிக்கிறம்.

இந்த அளவுகோல் எவ்வளவு பிழையானது எண்டு காட்ட நாங்கள் ஒரு தூர இடத்துக்குப் போகப்போறம்: சிங்குரோத்திரன் ஒளிமூலங்கள். கலைப்பீடத்துல படிக்கிற ஆக்களுக்கு அங்க என்ன வேலை எண்டு நீங்கள் கேக்கலாம். அதுக்குள்ள இருக்கிற பௌதிகத்தைப் பௌதிகவியல் ஆக்கள் எங்களைவிட நல்லா எழுதுவினம். ஆனா எந்தத் தொழில்நுட்பத்தை ஒரு நாடு எடுக்க வேணும், அதுக்கு ஆர் பயிற்சி குடுக்கிறது, பழுதானால் ஆர் திருத்துறது, கரண்ட் பில்லை ஆர் கட்டுறது எண்ட கேள்விகளுக்குப் பௌதிகம் மட்டும் பதில் சொல்லாது. அந்தக் கேள்விகள் எங்கட பாடத்துக்குள்ளயும் வரும்.

முதல்ல இயந்திரத்தைப் பாப்பம். சிங்குரோத்திரன் ஒளிமூலம் எண்டது நூற்றுக்கணக்கான மீற்றர் சுற்றளவுள்ள ஒரு வளையம். அதுக்குள்ள வெற்றிடக் குழாயில இலத்திரன்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில சுத்திக்கொண்டிருக்கும். காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும். வளையிற ஒவ்வொரு தடவையும் இலத்திரன்கள் ஒளியை, முக்கியமா எக்ஸ் கதிர்களை, வெளியில விடும். அந்தக் கதிர்களைக்கொண்டுதான் புரதங்களின் வடிவத்தையும், பற்றரிக்குள்ள நடக்கிற மாற்றங்களையும், பழைய ஓவியத்துக்கு அடியில மறைஞ்சிருக்கிற படத்தையும்கூடப் பாக்கினம். சிதம்பரத்தில பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது றைபோசோமின் அமைப்பைக் கண்டதுக்காக. அந்த அமைப்பைக் காட்டினதும் அமெரிக்காவிலிருந்த சிங்குரோத்திரன்களின் ஒளிதான்.

ஒளி சும்மா வாறதில்லை. ஒளியை விடுற ஒவ்வொரு இலத்திரனும் சக்தியை இழக்குது. இங்கிலாந்தின் டயமண்ட் ஒளிமூலத்தை எடுங்கோ. சுற்றளவு 561.6 மீற்றர். இலத்திரன் அதைச் செக்கனுக்கு ஐந்து லட்சம் தடவைக்கு மேல சுத்தி வரும். இந்த அளவு இயந்திரங்களில ஒரு சுற்றுக்கு இழக்கிற சக்தி ஏறத்தாழ ஒரு மில்லியன் இலத்திரன்வோல்ற்று எண்டு வச்சுக்கொள்ளுவம். இலத்திரனிட்ட இருக்கிறது 3000 மில்லியன். மூவாயிரத்தில ஒரு பங்குதானே, சின்ன இழப்பு எண்டு நினைக்கலாம். ஆனா இழந்ததை அப்பப்பவே திருப்பிக் குடுக்காட்டி, ஒரு மில்லிசெக்கன் முடிய முதலே இலத்திரன்கள் பாதை மாறிக் குழாய்ச் சுவரில மோதி முடிஞ்சிடும்.

அப்ப இழந்ததைத் திருப்பிக் குடுக்கிறது ஆர்? வளையத்தில ஒண்டிரண்டு இடங்களில இருக்கிற உள்ளீடற்ற உலோகக் கூடுகள். ஆங்கிலத்தில கவிட்டி எண்டு சொல்லுறது. கூட்டுக்குள்ள வானொலி அலை செக்கனுக்கு 50 கோடித் தடவை அளவில அதிர்ந்துகொண்டிருக்கும். இலத்திரன் கூட்டம் சரியான நேரத்துக்கு உள்ள வந்தால் அலை அதைப் பிடிச்சுத் தள்ளிவிடும். ஊஞ்சலில இருக்கிற பிள்ளை கிட்ட வாற நேரம் பாத்துத் தள்ளுற மாதிரித்தான். வளையத்தில 500 மில்லி அம்பியர் ஓடுது எண்டால், ஒரு மில்லியன் வோல்ற்றோட பெருக்கிப் பாருங்கோ: 500 கிலோவாட். இருநூற்றைம்பது மின்கேத்தல்களை ஒரேயடியாக் கொதிக்க வைக்கிற சக்தி இந்தக் கூடுகளுக்குள்ளால இலத்திரன்களுக்குப் போகவேணும், அதுவும் இடைவிடாம. இந்தக் கூடு நிண்டால் ஒளியும் நிண்டிடும். சுத்திவர இருபது முப்பது ஆய்வு நிலையங்களில வேலை செய்யிற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

இந்தக் கூட்டை எதால செய்யிறது எண்டதிலதான் எங்கட கதை தொடங்குது. இரண்டு வழி இருக்கு. ஒண்டு செம்பு. மற்றது நயோபியம் எண்ட உலோகம். நயோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழ, அதாவது ஏறத்தாழ மறை 264 பாகை செல்சியசுக்குக் கீழ, மீக்கடத்தியா மாறிடும். மின்னோட்டத்துக்கு அதுக்குப் பிறகு தடை கிட்டத்தட்ட இல்லை. அதால நயோபியக் கூட்டைத் திரவ ஹீலியத்துக்குள்ள வச்சு 4 கெல்வின் அளவில குளிராக்கி வச்சிருப்பினம்.

வித்தியாசம் எவ்வளவு எண்டு விளங்க ஒரு கோயில் மணியை நினைச்சுக்கொள்ளுவம். செம்புக் கூடு அந்த மணியா இருந்தால், ஒருக்கா அடிச்சபிறகு சத்தம் அரை நிமிசத்துக்குள்ள தேய்ஞ்சிடும். நயோபியக் கூடு எண்டால் அதே மணி நாட்கணக்கா அடிச்சுக்கொண்டே இருக்கும். அலையின் சக்தி சுவரில வெப்பமாகி வீணாகிற அளவு அவ்வளவு குறைவு. ஒரு செம்புக் கூட்டின் சுவரில 50 கிலோவாட் மட்டில வெப்பமாப் போகும். அதே வேலையைச் செய்யிற நயோபியக் கூட்டில அது சில பத்து வாட்தான்.

இதை வாசிச்ச உடன எங்களுக்கு என்ன தோணும்? நயோபியம் புதுசு, செம்பு பழசு. காசு இருக்கிறவன் நயோபியம் வாங்குவான், இல்லாதவன் செம்போட இருப்பான். பழைய அளவுகோல் திரும்ப வந்து நிக்குது. இங்கதான் கொஞ்சம் நிண்டு பாக்கவேணும்.

முதலாவது விசயம், சுவரில மிச்சம் பிடிச்ச சக்தி முழுக்க மிச்சமாகிறதில்லை. 4 கெல்வினில இருக்கிற ஒரு வாட் வெப்பத்தை வெளியில எடுக்க, அறை வெப்பநிலையில இருக்கிற குளிராக்கி சில நூறு வாட் மின்சாரத்தைச் சாப்பிடும். கூட்டின் சுவர் மட்டும் இல்லை, ஹீலியத்தைக் கொண்டுபோற குழாய், தாங்கி எல்லாத்தாலயும் வெப்பம் உள்ள கசியும். கடைசியில ஒரு ஹீலியம் நிலையத்தின் கம்பிரசர் சில நூறு கிலோவாட் இழுக்கும். சின்ன வளையத்துக்கு, கரண்ட் கணக்கில மட்டும் பாத்தால், நயோபியத்தால பெரிய இலாபம் ஒண்டும் இல்லை.

பிறகேன் நயோபியம்? அதிக மின்னோட்டத்தை ஓட்டுறதுக்காக. கூட்டுக்குள்ள நாங்கள் விரும்புற அதிர்வு ஒண்டுதான். ஆனா இலத்திரன் கூட்டம் கடந்து போகேக்க வேண்டாத அதிர்வுகளையும் கிளப்பிவிட்டுப் போகும். பின்னால வாற கூட்டத்தை அது குழப்பும். மின்னோட்டம் கூடக் கூடக் குழப்பமும் கூடும். மீக்கடத்திக் கூட்டைச் செய்யேக்க வாயை அகலமா வைக்கலாம். வேண்டாத அதிர்வுகள் அந்த வாயால வெளியில ஓடி, அங்க இருக்கிற உறிஞ்சியில அடங்கிடும். செம்புக் கூட்டில வாயை அப்படி அகலமாக்கினால் சுவரில வீணாகிற சக்தி தாங்கேலாத அளவுக்குப் போயிடும். அதோட, நயோபியக் கூடு ஒண்டே பல செம்புக் கூடுகளின் வேலையைச் செய்யும் எண்டதால வளையத்தில இடமும் மிஞ்சும்.

ஆக நயோபியத்துக்கு உண்மையான காரணங்கள் இருக்கு. அதுக்குரிய விலையும் இருக்கு. கூட்டின் உட்சுவரை அமிலத்தால கழுவி, சுத்தமான அறைக்குள்ள வச்சு, உயர் அழுத்தத்தில மிகத் தூய தண்ணியால பீச்சிக் கழுவவேணும். ஒரு தூசு உள்ள இருந்தாலே அதிலிருந்து இலத்திரன்கள் கிளம்பிச் சுவரைச் சூடாக்கத் தொடங்கும். சுவரில ஒரு புள்ளி சூடாகி மீக்கடத்துதிறனை இழந்தால் அது பக்கத்துக்குப் பரவி, கணப்பொழுதில கூடு முழுக்கச் சாதாரண உலோகமா மாறிடும். ஹீலியம் கொதிக்கும், காவல் கருவிகள் எல்லாத்தையும் நிப்பாட்டும். அது சின்னக் கோளாறு எண்டால் கெதியாத் திரும்பத் தொடங்கலாம். வெற்றிடம் கசிஞ்சிட்டுது எண்டால் கூட்டை ஆறுதலாச் சூடாக்கி, கழட்டி, திருத்தி, திரும்ப ஆறுதலாக் குளிராக்க வேணும். அது நாட்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு.

இதுக்கு ஆக்கள் வேணும். குளிராக்கியைத் தெரிஞ்ச ஆக்கள், வெற்றிடத்தைத் தெரிஞ்ச ஆக்கள், கசிவு எங்க எண்டு தேடிப்பிடிக்கிற ஆக்கள். அவையள் வரிசையா உருவாகிறதுக்குக் காலம் எடுக்கும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் தன்ரை சிங்குரோத்திரனில மீக்கடத்திக் கூடு ஒண்டை 1970களின் நடுப்பகுதியில பரிசோதிச்சது. தன்ரை வளையத்தில இருந்த செம்புக் கூடுகளை முழுசா மீக்கடத்திக்கு மாத்தினது 1990களின் கடைசியில. இடையில ஒரு தலைமுறை. பிறகு அந்த வடிவத்தைச் செய்யிற உரிமை ஒரு ஜேர்மன் நிறுவனத்துக்குக் குடுக்கப்பட்டது. தாய்வானும் இங்கிலாந்தும் சீனாவும் அந்த வடிவத்தில கூடுகளை வாங்கிச்சினம்.

இப்ப நாலு நாடுகளைப் பாப்பம். நாங்கள் சொல்லவாறது அங்கதான் இருக்கு.

தாய்வானில முதலாவது ஒளிமூலம் 1993இல் தொடங்கினது. 120 மீற்றர் சுற்றளவுள்ள சின்ன வளையம். பத்து வருசத்துக்கு மேல செம்புக் கூடுகளோட ஓடிச்சுது. 2004 கடைசியிலதான் அவற்றை எடுத்துப்போட்டு ஒரு கோர்னெல் வகை நயோபியக் கூட்டை வச்சினம். கூட்டை வெளியில வாங்கினாலும் அதைக் குளிராக்கி, பரிசோதிச்சு, ஓட்டுற வேலையைத் தங்கட ஆக்களைக்கொண்டே பழகிச்சினம். அதுக்குப் பிறகு 518 மீற்றர் வளையம் ஒண்டைக் கட்டிச்சினம். அதின்ரை முதல் ஒளி 2014 திசெம்பர் 31. நயோபியத்தில பத்து வருச அனுபவம் இருக்கிற ஆக்கள் புது வளையத்தை எதோட தொடங்கியிருப்பினம்? செம்போட! ஜேர்மனியின் பெட்ரா வளையத்துக்கெண்டு வடிவமைச்ச வகைச் செம்புக் கூடுகளை வச்சு வளையத்தை ஓட்டிப் பாத்து, பிழைகளைத் திருத்தி, குழாய்ச் சுவரைப் பழக்கி எடுத்துப்போட்டு, 2015இல்தான் நயோபியத்தை உள்ள கொண்டு வந்தினம். அந்த வருச முடிவுக்குள்ள 500 மில்லி அம்பியரைத் தாண்டிச்சினம்.

பிரேசிலும் இதே வழியில போனது. கம்பினாஸ் நகரத்தில இருக்கிற சிரியஸ் வளையம் பெட்ரா வகைச் செம்புக் கூடு ஒண்டோட வேலையைத் தொடங்கி, சில வருசம் ஆய்வுகளையும் நடத்தி, பிறகுதான் மீக்கடத்திக்கு மாறினது. பிரேசிலைப் பற்றி இன்னொரு விசயம் சொல்லவேணும். உலகத்தின்ரை நயோபியத்தில பத்தில ஒன்பது பங்கு மட்டில தோண்டி எடுக்கிறது பிரேசில்தான். ஆனா சிரியசுக்கான நயோபியக் கூடுகள் செய்துவந்தது ஜேர்மனியிலிருந்து. மண்ணுக்குள்ள உலோகம் இருக்கிறதும், அந்த உலோகத்தைக் கழுவி, ஒட்டி, குளிராக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறதும் இரண்டு வேறு சொத்துகள். புல்மோட்டை மணல் கப்பலேறிப் போறதைப் பாத்து வளர்ந்த ஆக்களுக்கு இதைப் பெரிசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா பிரேசில் அதோட நிக்கேல்லை. சிரியசின்ரை காந்தங்களை உள்ளூர் மோட்டார்க் கொம்பனியான வெக்கைக்கொண்டு செய்விச்சது. எது இப்ப எங்களால ஏலும், எது இன்னும் ஏலாது எண்டு பிரிச்சுப் பாத்து எடுத்த முடிவு அது.

மூண்டாவது, ஜோர்தானின் அல்லான் நகரத்தில இருக்கிற செசமி. ஜேர்மனியில மூடப்போற பெசி எண்ட வளையத்தை மத்திய கிழக்குக்குக் குடுக்கலாம் எண்டு 1997இல் ஹெர்மன் வினிக், கஸ்டாஃப் அடோல்ஃப் வோஸ் எண்ட இரண்டு விஞ்ஞானிகள் முன்வச்ச யோசனையில பிறந்தது. ஈரானும் இஸ்ரேலும் பலஸ்தீனமும் பாகிஸ்தானும் ஒரே மேசையில உறுப்பினர்களா இருக்கிற இடம் உலகத்தில கனக்க இல்லை. செசமி அதில ஒண்டு. 2013இல் பனி விழுந்து கட்டிடத்தின்ரை கூரையே இடிஞ்சது. அதையும் தாண்டி 2017 மேயில திறந்தினம். ஜேர்மனியின் பழைய வளையத்திலிருந்து இலத்திரனை முதல்ல முடுக்கிவிடுற பகுதிகளை எடுத்துக்கொண்டு, பெரிய வளையத்தைப் புதுசாக் கட்டிச்சினம். அதில இருக்கிறது நாலு செம்புக் கூடுகள், இத்தாலியின் எலெட்ரா ஒளிமூலத்தின் வடிவத்தில. அவையளின்ரை பெரிய தலையிடி கரண்ட் பில். அதுக்கு 2019இல் ஒரு சூரிய மின்நிலையத்தைக் கட்டிச்சினம். ஹீலியம் நிலையமும் அதுக்கான ஆக்களும் எண்டு இன்னொரு பாரத்தைத் தலையில ஏத்தாம, இருக்கிற பாரத்தை இறக்கப் பாத்தினம். இதைப் பின்தங்கின முடிவு எண்டு ஆர் சொல்லேலும்?

நாலாவது டயமண்ட். இவையளிட்டக் காசும் இருக்கு, ஆக்களும் இருக்கினம். 2007இல் ஆய்வுகளைத் தொடங்கேக்க நயோபியக் கூடுகளோடதான் தொடங்கினது. பிறகு நடந்ததைப் பாருங்கோ. மீக்கடத்திக் கூடு பழுதானாலும் வளையம் நிக்கக்கூடாது எண்டு செம்புக் கூடுகளையும் பக்கத்தில வச்சினம். இப்ப வரப்போற டயமண்ட் இரண்டாம் கட்டத் திட்டத்தில இலத்திரன்களுக்குச் சக்தி குடுக்கிற முக்கிய கூடுகள் செம்பு. இலத்திரன் கூட்டத்தை நீட்டிவிடுறதுக்கான துணைக் கூடு ஒண்டுக்கு மட்டும் மீக்கடத்தி. பணக்கார நாடொண்டு 'புதுசை' வச்சிருந்து, ஓட்டிப் பழகி, பிறகு யோசிச்சுச் செம்புக்குத் திரும்புது. செம்பும் அதுக்கிடையில சும்மா இருக்கேல்லை. வேண்டாத அதிர்வுகளை வெளியில எடுக்கிற புது வடிவங்கள் செம்பிலயும் வந்திட்டுது.

இந்த நாலையும் ஒரு ஏணியில அடுக்கிப் பாருங்கோ. ஏலாது. தாய்வான் செம்பிலிருந்து நயோபியத்துக்குப் போகுது, இங்கிலாந்து நயோபியத்திலிருந்து செம்புக்கு வருது, ஜோர்தான் செம்போடயே நிண்டு கூரையில விழுந்த பனியையும் கரண்ட் பில்லையும் வெல்லுது. இவையள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: இது பழுதாகேக்க எங்களால என்ன செய்ய ஏலும்? ஆளாளுக்கு வேற வேற பதில் வந்ததுக்குக் காரணம், ஆளாளுக்கு இருக்கிற கைகள் வேற.

ராமகிருஷ்ணனின் றைபோசோமுக்குத் திரும்பிப் போவம். அவர் எக்ஸ் கதிர்த் தரவுகளை எடுத்த இடங்களில ஒண்டு சிகாகோவுக்குப் பக்கத்திலிருக்கிற ஆர்கோன் ஆய்வுகூடத்தின் வளையம். அந்த வளையத்துக்கு அண்டைக்கும் சக்தி குடுத்தது செம்புக் கூடுகள்தான். நோபல் பரிசு வாங்கின படத்துக்குப் பின்னால மீக்கடத்தி இல்லை எண்டு ஆரும் குறை சொல்லேல்லை.

எங்களுக்கு எதிரா ஒரு நியாயமான கேள்வி வரும். "அப்ப ஏழை நாடுகள் எப்பவும் செம்போடயே இருக்கட்டும் எண்டு சொல்லுறீங்களா? பணக்காரன் இப்படித்தானே எங்களுக்குப் புத்தி சொல்லுவான்?" இந்தச் சந்தேகம் வரவேணும். எங்களுக்கும் இருக்கு. 'உங்களுக்கு ஏத்தது இதுதான்' எண்டு வெளியில இருந்து சொல்லுற ஆக்களை நம்பக்கூடாது எண்டுதான் நாங்களும் சொல்லுவம். தாய்வானையும் பிரேசிலையும் முன்னுக்கு வச்சது அதுக்காகத்தான். அவையள் நயோபியத்தை விட்டுக்குடுக்கேல்லை. அதுக்குப் போற வழியைத் தாங்களே போட்டினம்: செம்பில ஓட்டி, ஆக்களை உருவாக்கி, பிறகு குளிர். கடன்பட்டு முதல் நாளே ஆகக் குளிரானதை வாங்கி வச்சுக்கொண்டு, ஒவ்வொரு கசிவுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்வரைக்கும் காத்திருக்கிறதும் ஒரு வழிதான். ஆனா அந்த இயந்திரம் ஆருக்குச் சொந்தம்? பத்திரத்தில உங்கட பெயர் இருக்கும், திறப்பு வேற ஆரிட்டையோ இருக்கும்.

ஹீலியமே இதுக்கு ஒரு பாடம். அது இயற்கை வாயுவோட சேர்ந்துதான் வெளியில வருது. உலகத்துக்குப் பெருமளவில குடுக்கிறது அமெரிக்காவும் கட்டாரும். 2017 யூனில அயல்நாடுகள் கட்டாருக்குப் பாதையை மூடினபோது அங்கத்தைய ஹீலியம் ஆலைகள் நிண்டுபோச்சு. எங்கயோ இரண்டு அரசாங்கம் முறைச்சுக்கொண்டால் வேறெங்கயோ ஒரு குளிராக்கிக்குப் பதில் சொல்லவேண்டி வரும். ஹீலியத்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்கிற அமைப்புகள் இருக்குத்தான். அதையும் பராமரிக்க ஆக்கள் வேணும்.

இதெல்லாம் எங்களுக்கு ஏன்? எங்கட நாட்டில சிங்குரோத்திரன் இல்லை. ஆனா ஒரு இயந்திரம் வந்திறங்கிற நாளில ரிபன் வெட்டுறதையும் படம் எடுத்துப் போடுறதையும் கண்டிருக்கிறம். அதே இயந்திரத்தில இரண்டு வருசத்தால 'பழுது' எண்டு ஒட்டியிருக்கிற கடதாசியையும் கண்டிருக்கிறம். அந்தப் படத்துக்கும் இந்தக் கடதாசிக்கும் இடையில நடந்தது என்ன எண்டு ஆரும் எழுதிறதில்லை. எத்தினை பேரைப் பயிற்சிக்கு அனுப்பினவை? உதிரிப்பாகத்துக்குக் காசு ஒதுக்கினவையா? பயிற்சி எடுத்த ஆள் இப்ப எந்த நாட்டில இருக்கிறார்? இதைக் கேக்கிறதுக்குப் பௌதிகப் பட்டம் தேவையில்லை. ஒரு திட்ட அறிக்கையை வாசிக்கவும், ஒரு தொழில்நுட்பவியலாளரோட ஆறுதலா இருந்து கதைக்கவும், வந்த பதிலை விளங்கிற தமிழில எழுதவும் தெரிஞ்சால் காணும். இது எங்களால செய்யக்கூடிய வேலை.

அதால அடுத்த முறை 'தெற்காசியாவிலேயே முதலாவது', 'அதிநவீன' எண்டு ஒரு இயந்திரம் வருது எண்டு செய்தி வந்தால், பகிர முதல் ஒரு கேள்வியைக் கீழ எழுதிவிடுங்கோ: இதைத் திருத்தப்போறது ஆர், அவருக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? பதில் வந்தால் சந்தோசமாப் பகிருங்கோ. வராட்டி, பதில் வரும்வரைக்கும் திரும்பத் திரும்பக் கேப்பம்.